பதினேழாம் வினா

சரியான விடையை எழுத ஒரு நிமிடம் போதும்.
பிழையான மூன்றை எழுதி முடிக்கத்தான்
இரவு இரண்டு மணியாகிறது.

கண்ட பிழையும் ஆகாது.
நம்பத் தோன்ற வேண்டும்.
சரிக்குப் பக்கத்துக் காணியில்
அதே கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டு
குடியிருக்க வேண்டும்.
சில நாள்களில் மூன்றும் சரியைவிட அழகாக வந்துவிடும்.
அப்போது ஒன்றைக் கிழித்துப் போடுவேன்.

பிழை பொறுக்கவென்றே
ஊர் முழுக்கக் காதை விரித்துக்கொண்டு திரிகிறேன்.
மீன் சந்தையில் ஜெரோம்:
‘விலைகள் ஏறிட்டுது, அக்கா.’
எழுவாய் பன்மை, பயனிலை ஒருமை.
கொப்பியில் குறித்தேன்.
பாரைக்கு அவன் சொன்ன காசை மட்டும்
திருத்த முடியவில்லை.

அலஸ்தோட்டத்தில் ஓட்டோவில் கட்டிய ஒலிபெருக்கி:
‘ஒவ்வொரு வீடுகளுக்கும் குழாய்நீர்!’
ஒவ்வொரு என்றால் வீடு ஒருமையில் வர வேண்டும்.
குழாய்நீர்
எந்த எண்ணிலும் வரவில்லை.

கச்சேரியிலிருந்து வந்த கடிதத்தில்தான்
ஒரு பிழையும் அகப்படவில்லை.
‘தங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுள்ளது.’
நிராகரித்தவரைத் தேடி
முன்னும் பின்னும் வாசித்தேன்.
செயப்பாட்டுவினை. ஆள் இல்லாமலே நிற்கும்.
அதை ஒரு சரியான விடையாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஞாயிறு, உப்புவெளி மண்டபம், மாதிரிப் பரீட்சை.
முகாமைத்துவ உதவியாளர் பதவிக்கு அறுபது பேர்.
கடற்காற்றில் தாள் பறக்காமலிருக்க
ஆளுக்கொரு கல் கொடுத்தேன்.

வினா பதினேழு. மிகப் பொருத்தமான வாக்கியத்தைத் தெரிவு செய்க.
1. மான்கள் பஸ் நிலையத்தில் நிற்கிறது.
2. மான்கள் பஸ் நிலையத்தில் நிற்கிறார்கள்.
3. மான்கள் பஸ் நிலையத்தில் நிற்கின்றன.
4. மான் பஸ் நிலையத்தில் நிற்கின்றன.

இந்த ஊருக்கென்றே போட்ட இலகுவான வினா.
திருகோணமலையில் யாருக்கு மானைத் தெரியாது?
சோற்றுப் பார்சல் தாளை அது மெல்லும் சத்தம்
யாருக்குத் தெரியாது?
ஐம்பத்தொன்பது பேர் மூன்றில் புள்ளடி இட்டிருந்தார்கள்.

நஸ்மிலா மட்டும் இரண்டு.
மூதூர். புடைவைக் கடையில் வேலை. நாலாவது தடவை.
வயதெல்லை மார்ச்சில் முடிகிறது.
ஓரத்தில் பென்சிலால், எறும்பு எழுத்தில்:
‘முதல் பஸ்ஸில் வந்து இறங்கினால்
அங்கே இவர்கள்தான் நிற்பார்கள், மிஸ்.
வேறு ஒருவரும் இல்லை.’

இயந்திரம் திருத்தும் தாளுக்கு
ஓரம் என்று ஒன்று கிடையாது.
நரகத்தில் வேகிறவரையும் உயர்திணையில் சேர்த்த இலக்கணம்
மானைச் சேர்க்கவில்லை, நான் என்ன செய்ய?
பிழை போட்டேன்.

போட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது.
பரீட்சைக்கு நடுவே தங்கச்சி போன் எடுத்தாள்.
விறாந்தைக்குப் போய்க் குரலைத் தாழ்த்தி,
‘பிறகு எடுக்கிறன். பாவம், அறுபதும்
குனிஞ்ச தலை நிமிராம எழுதுதுகள்’ என்றேன்.

எழுதுதுகள்.

அன்போடுதான் சொன்னேன்.
இருந்தாலும் அறுபது பேரை ஒரே மூச்சில்
அஃறிணைக்கு அனுப்பியிருக்கிறேன்.
எனக்கு ஒருவரும் புள்ளி குறைக்கவில்லை.

திங்கள் காலை, ஆறு மணி, பஸ் நிலையம்.
அந்த நேரத்தில் எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.
நிலாவெளி பஸ்ஸுக்குக் குறுக்கே ஒரு கொம்பு மான்,
பின்னால் நாலைந்து, ஒரு குட்டி,
குட்டியின் வாயில் பாதி லொத்தர் சீட்டு.
கொண்டக்டர் தகரத்தில் தட்டினான்:
‘கொஞ்சம் விலகுங்கோ, நேரமாகுது.’

யாரிடம் சொல்கிறான் என்று திரும்பிப் பார்த்தேன்.
வேறு ஒருவரும் இல்லை.

கொப்பியை எடுத்தேன்.
‘மான்கள் மெதுவாக விலகி’
என்பது வரை எழுதியிருக்கிறேன்.
வினைமுற்று பாக்கி.